மேடையின் முதுகுப்புறம்: 'நாய்சஸ் ஆஃப்' நடிப்புப் பிரதி – ஒரு மதிப்புரை

ஆங்கில நாடகாசிரியர் மைக்கேல் ஃப்ரேன் எழுதிய 'நாய்சஸ் ஆஃப்' நாடகத்தின் நடிப்புப் பிரதியை, அதாவது மேடைக் குறிப்புகளோடு அச்சிட்ட நூலை, வாங்குகிறவர் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது இரண்டாம் அங்கத்தை. அங்கே பக்கம் இரண்டு பத்திகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பத்தியில், செட்டின் சுவர்களாக நிற்கும் தட்டிகளுக்கு அப்பால் நடந்துகொண்டிருக்கும் ஒரு நாடகத்தின் வசனம் ஓடுகிறது. அதற்கு இணையான மற்றொரு பத்தியில், தட்டிகளுக்கு இப்பால், நம் கண்ணெதிரே, அதே நாடகத்தின் நடிகர்கள் வாய் திறக்காமல் ஒருவர்மேல் ஒருவர் பாயும் செய்கைகள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு சிறு நகர அரங்கு இந்த நாடகத்தை எடுக்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய, நகைச்சுவை நடிகர்கள் எத்தனை பேர் கையில் இருக்கிறார்கள் என்று கணக்கிடுவதைவிட, அந்தச் செய்கைப் பத்தியை வரி வரியாகப் படித்து, நம்மிடம் உள்ள நாட்களையும் ஆட்களையும் மேடையின் அளவையும் அதனோடு பொருத்திப் பார்ப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. இங்கிலாந்தின் ஒரு சிறு நகர அரங்கு இதை மேடையேற்றியபோது அரங்கப் பொருட்களைக் கவனிக்கும் பணியில் நான் இருந்தேன். இந்த நூலை ஒரு வாசகராக மட்டுமன்றி, கையில் பென்சிலோடு நாள்தோறும் பயன்படுத்திய ஒருவராகவும் மதிப்பிடுகிறேன்.

நாடகம் பிறந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் பிரதியின் அமைப்பு விளங்கும். 1970இல் ஃப்ரேனின் குறுநாடகங்கள் சில ஒரே மாலையில் லண்டனில் நடிக்கப்பட்டன. நடிகர்கள் இருவரே: லின் ரெட்கிரேவ், ரிச்சர்ட் பிரையர்ஸ். அவற்றுள் ஒன்றில் இந்த இருவருமே பல பாத்திரங்களை ஏற்க வேண்டியிருந்ததால், ஒரு கதவு வழியாக வெளியேறி, உடை மாற்றி, வேறொரு கதவு வழியாக வேறொருவராக நுழையும் ஓட்டம் திரைக்குப் பின்னால் இடைவிடாமல் நடந்தது. அதைப் பக்கத் திரை மறைவிலிருந்து பார்த்த ஃப்ரேனுக்கு, முன்னால் தெரியும் நாடகத்தைவிடப் பின்னால் நடப்பதே அதிகச் சிரிப்பைத் தந்தது. அந்த எண்ணம் 1977இல் 'எக்ஸிட்ஸ்' என்ற சிறு நாடகமாக உருவெடுத்தது. தயாரிப்பாளர் மைக்கேல் காட்ரன் அதை முழுநீள நாடகமாக விரிக்கக் கேட்டார். 1982இல் மைக்கேல் பிளேக்மோரின் இயக்கத்தில் ஹேமர்ஸ்மித்தில் உள்ள லிரிக் அரங்கில் 'நாய்சஸ் ஆஃப்' அரங்கேறியது; அங்கிருந்து லண்டனின் பெரிய நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்ட் பகுதியின் சவாய் அரங்குக்குச் சென்று, நடிகர் குழுக்கள் மாற மாற 1987 வரை ஓடியது. 1983 டிசம்பரில் நியூயார்க்கின் பிராட்வேயையும் அடைந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'நத்திங் ஆன்' என்ற மிகச் சாதாரணமான ஒரு படுக்கையறைக் கேலிக்கூத்தை ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் நாடகக் குழு ஒன்று. அந்தக் கூத்தின் முதல் அங்கத்தை நாம் மூன்று முறை பார்க்கிறோம். முதல் முறை வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற கடற்கரை ஊரில், மறுநாள் அரங்கேற்றம் என்ற நிலையில், நள்ளிரவில் இன்னும் முடியாத கடைசி ஒத்திகையாக. ஒரு மாதம் கழித்து ஆஷ்டன்-அண்டர்-லைனில் ஒரு புதன்கிழமைப் பிற்பகல் காட்சி. இம்முறை செட் முழுவதும் திரும்பி, நாம் அதன் முதுகுப்புறத்தைப் பார்க்கிறோம். மூன்றாம் முறை ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் நகரில், சுற்றுப்பயணத்தின் இறுதிக்கட்டத்தில், மறுபடியும் முன்புறமிருந்து. அதற்குள் குழுவினருக்கு இடையிலான காதலும் பொறாமையும் பகையும் முற்றிப்போய், கூத்து கண்முன்னே சிதறுகிறது.

இந்த மூன்று ஊர்களும் போகிற போக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. இங்கிலாந்தில் ஒவ்வொரு நகரமும் தனக்கென ஒரு நிரந்தர நடிகர் குழுவை வைத்துக்கொள்ளும் வழக்கம், 1908இல் மான்செஸ்டரின் கெயட்டி அரங்கில் ஆனி ஹார்னிமன் தொடங்கிய முயற்சியிலிருந்து வேரூன்றி, லிவர்பூல், பர்மிங்காம் என்று பரவியது. பின்னர் வாரம் ஒரு புதிய நாடகம் என்ற முறையில் நூற்றுக்கணக்கான நடிகர்கள் காலையில் அடுத்த வார நாடகத்தை ஒத்திகை பார்த்து, மாலையில் இந்த வார நாடகத்தை நடித்து வாழ்ந்தார்கள். 1950களில் தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தபின் அந்த வாழ்க்கை தேய்ந்தது. 'நத்திங் ஆன்' குழுவில் இருப்பவர்கள் அந்த உலகத்தின் எச்சங்கள். ஓய்வுகாலத்துக்குக் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொள்ளலாம் என்று தன் சேமிப்பைச் சுற்றுப்பயணத்தில் போட்டிருக்கும் மூத்த நடிகை டாட்டி ஆட்லி, எப்போது குடிப்பார் எங்கே மறைவார் என்று எவருக்கும் தெரியாத முதிய நடிகர் செல்ஸ்டன் மோப்ரே ஆகியோரைச் சிறு நகர அரங்குகளில் பணியாற்றிய எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஃப்ரேன் இவர்களை இளக்காரமாகப் பார்க்கவில்லை. எல்லாம் இடிந்து விழும்போதும் வசனத்தை விடாமல் பிடித்துக்கொண்டு காட்சியை முடித்துவைக்கப் போராடும் அவர்களுடைய தொழில்பற்றே நாடகத்தின் உயிர். ஆகவே ஒரு மாகாண அரங்கு இந்த நாடகத்தை எடுக்கும்போது, வெஸ்ட் எண்டின் பெரிய அரங்குகளுக்கு எளிதில் கிட்டாத ஒரு நெருக்கம் தானாகவே வந்து சேர்கிறது. தம் ஊர் அரங்கின் மறுபக்கத்தைத்தான் பார்க்கிறோம் என்று பார்வையாளர்கள் நம்புகிறார்கள்.

இனி பிரதியின் தரத்துக்கு வருகிறேன். வாங்குவதற்கு முன் எந்தப் பதிப்பு என்று உறுதி செய்துகொள்வது மிக அவசியம். ஃப்ரேன் இந்த நாடகத்தைப் பலமுறை திருத்தி எழுதியவர். 1982இல் மெத்யூன் வெளியிட்ட பிரதிக்கும் 1983இல் சாமுவேல் பிரெஞ்ச் வெளியிட்ட பிரதிக்கும் இடையே பல வேறுபாடுகள் உண்டு. சில நிகழ்ச்சிகள் மாறியுள்ளன, சில முற்றாக நீக்கப்பட்டுள்ளன. 2000இல் ஜெரமி சாம்ஸ் நேஷனல் தியேட்டரில் இதை மீண்டும் மேடையேற்றியபோது ஃப்ரேன் மறுபடியும் ஒரு திருத்தம் செய்தார். பழைய புத்தகக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைத்தது என்பதற்காக ஒரு நடிகர் ஒரு பதிப்பையும், உரிமம் வழங்கும் நிறுவனம் அனுப்பியது என்பதால் மற்றொருவர் வேறு பதிப்பையும் வைத்துக்கொண்டு ஒத்திகைக்கு வந்தால், முதல் நாளிலேயே குழப்பம் தொடங்கும். சாதாரண நாடகத்தில் ஒரு வரி மாறினால் சமாளிக்கலாம். இங்கே ஒரு வரி மாறினால், அந்த வரியைக் கேட்டுக் கதவைத் திறக்க வேண்டியவர் திறக்க மாட்டார். அவர் கையில் இருக்க வேண்டிய தட்டு மேடைக்கு வராது. தட்டு வராததால் அடுத்தவருக்குப் பேச எதுவும் இருக்காது. குழுவில் உள்ள அனைவரும் ஒரே அச்சுப் பிரதியை, பக்க எண் உட்பட ஒன்றாக இருக்கும் பிரதியை, வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன்.

பிரதியின் மிகப் பெரிய வலிமை, நூலாசிரியரின் மேடைக் குறிப்புகளின் துல்லியம். பொதுவாக நல்ல இயக்குநர்கள் அச்சிட்ட மேடைக் குறிப்புகளைப் பொருட்படுத்துவதில்லை. அவை யாரோ எங்கோ நடத்திய பழைய தயாரிப்பின் பதிவு என்று ஒதுக்கிவிட்டுத் தாமே புதிதாகக் கட்டமைப்பார்கள். அந்த வழக்கத்தை இங்கே கடைப்பிடிக்க முடியாது. இரண்டாம் அங்கத்தின் செய்கைப் பத்தி நாடகத்தின் மேல் ஒட்டப்பட்ட விளக்கம் அன்று, அதுவே நாடகம். யார் கையிலிருந்து யார் கைக்குக் கோடரி போகிறது, விஸ்கிப் புட்டி எந்த நேரத்தில் எவருடைய பார்வையில் படுகிறது, ஒருத்திக்காக வாங்கிய பூங்கொத்து எவ்வாறு இன்னொருத்தியின் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பவை எல்லாம் அப்பால் ஒலிக்கும் வசனத்தின் குறிப்பிட்ட சொற்களோடு பிணைக்கப்பட்டுள்ளன. இவை நடக்கும்போது பேச முடியாது, ஏனெனில் அப்பால் 'நத்திங் ஆன்' ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே கோபம், கெஞ்சல், சந்தேகம், மன்னிப்பு அனைத்தும் உதட்டசைவிலும் சைகையிலும் நடந்தாக வேண்டும். தன் முறை வந்தவுடன் முகத்தை மாற்றிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போய், உற்சாகமாக ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு, மீண்டும் வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர வேண்டும்.

படிக்கும்போது இது சலிப்பைத் தரும். இதை மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் குழு முதன்முறையாக வட்டமாக அமர்ந்து இந்த அங்கத்தை வாசித்தபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கண் இரு பத்திகளுக்கும் இடையே அலைந்து களைத்துப்போனது. முகம் வாடிப்போன நடிகர்களிடம் இயக்குநர் ஒன்றைத்தான் சொன்னார்: இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். மறுநாள் முதல் வசனத்தை முற்றிலும் விட்டுவிட்டு, செய்கைப் பத்தியை மட்டும் எடுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு முழு ஒத்திகை என்ற மெதுவான வேகத்தில், எண்ணிக்கை சொல்லி நடக்கவைத்தார். ஒவ்வொருவருக்கும் தம் பாதை காலில் பதிந்த பிறகே, அப்பால் ஒலிக்க வேண்டிய வசனத்தை ஒருவர் படிக்கத் தொடங்கினார். இரண்டும் சேர்ந்த அந்தப் பிற்பகலில், அதுவரை உயிரற்றுக் கிடந்த பக்கங்கள் எழுந்து நின்றன. இந்த நாடகத்தைத் தொடங்கவிருக்கும் எந்தக் குழுவுக்கும் இந்த முறையையே பரிந்துரைப்பேன். வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டுச் செய்கையைச் சேர்க்கலாம் என்று நினைப்பவர்கள், இரண்டு வேலைகளையும் இருமுறை செய்ய நேரிடும்.

இதனால் எழும் கேள்வி காலம். மாகாண அரங்குகளில் ஒரு நாடகத்துக்கு மூன்று அல்லது நான்கு வார ஒத்திகை என்பது பழக்கமான அளவு. மூன்று வாரத்தில் இதை நிகழ்த்திக் காட்ட முடியும். ஆனால் நடிகர்கள் அச்சத்தோடு ஓடுவார்கள், அந்த அச்சம் பார்வையாளர்களுக்குத் தெரியும். பாத்திரம் தடுமாறுவதற்கும் நடிகரே தடுமாறுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்வையாளர்கள் மிகச் சரியாக உணர்கிறார்கள். முதலாவதுக்குச் சிரிப்பார்கள், இரண்டாவதுக்கு மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நான்கு வாரத்துக்குக் குறையாமல் ஒதுக்க முடியாத அரங்கு, இதை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்பது நல்லது.

செட்டைப் பற்றிப் பிரதி தரும் விவரணை தெளிவானது. ஆனால் அதன் செலவை அது சொல்லாது. கதையின்படி அது லண்டனிலிருந்து சிறிது தொலைவில், பழைய ஆலை ஒன்றை மாற்றிக் கட்டிய வீட்டின் கூடம். கீழே கூடம், மேலே படுக்கையறைகளுக்குச் செல்லும் நடைமாடம், இரண்டையும் இணைக்கும் படிக்கட்டு, மேலும் கீழுமாக ஏழெட்டுக் கதவுகள், ஒரு பெரிய சன்னல். இவ்வளவும் முதல் அங்கம் முடிந்ததும் முழுமையாகத் திரும்ப வேண்டும். இரண்டாம் அங்கம் முடிந்ததும் மறுபடியும் திரும்ப வேண்டும். சுழல்மேடை உள்ள அரங்குகளுக்கு இது எளிது. பெரும்பாலான சிறு நகர அரங்குகளில் சுழல்மேடை கிடையாது. அவர்கள் செட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து, சக்கரம் பொருத்திய மேடைத்துண்டுகள்மேல் நிறுத்தி, ஆட்களை வைத்துத் தள்ளித் திருப்ப வேண்டும். நாடகம் முழுவதும் ஒன்பது பேரும் அந்தப் படிகளில் ஓடுகிறார்கள். ஒருவர் காலணிக் கயிறுகள் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்ட நிலையில் அதே படிகளில் குதித்துக் குதித்து ஏறுகிறார். எனவே இந்தத் துண்டுகள் திருப்புவதற்கு இலகுவாகவும், திருப்பிய பின் அசையாமலும் இருந்தாக வேண்டும். பூட்டும் முறை சரியாக இல்லாவிட்டால் கதவுச் சட்டங்கள் ஒரு விரற்கடை விலகி, கதவுகள் மூடாமல் போகும். மூடாத கதவு இந்த நாடகத்தைக் கொன்றுவிடும். சிக்கிக்கொள்ளும் கதவும் திறக்காத கதவும் 'நத்திங் ஆன்' குழுவின் தொல்லைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. அவை குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சிக்க வேண்டுமானால், மற்ற எல்லா இடங்களிலும் வெண்ணெய்போல இயங்க வேண்டும்.

இன்னொரு சிக்கலைப் பிரதியைப் படித்து மட்டும் ஊகிக்க முடியாது. இரண்டாம் அங்கத்தில் திரைக்குப் பின்னால் என்ற இடமே பார்வையாளர்களின் முன் திறந்து கிடப்பதால், உண்மையான மேடைப் பணியாளர்களுக்கு ஒதுங்கி நிற்க வழக்கமான இடம் கிடையாது. கதவு வழியாக அப்பால் போகும் நடிகர் கற்பனையான பார்வையாளர்களை நோக்கி, அதாவது அரங்கின் பின்சுவரை நோக்கி, நடிக்கிறார். அங்கே இருட்டில் நின்று, அவர் கொண்டுவரும் பொருளை வாங்கி, அடுத்து எடுத்துச்செல்ல வேண்டியதைக் கையில் கொடுக்க இரண்டு மூன்று பேராவது வேண்டும். அதே நேரத்தில் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அப்பாலிருந்து மேடை ஒளி பளீரென்று வந்து விழுந்தால்தான் அங்கே ஒரு காட்சி நடக்கிறது என்ற நம்பிக்கை பிறக்கும்; ஆகவே அந்தப் பணியாளர்கள் ஒளியில் படாமலும் நிற்க வேண்டும். அப்பாலிருந்து வரும் குரல்களின் அளவும் நுட்பமானது. அது மிகுந்து ஒலித்தால் நம் கண் செய்கையை விட்டு விலகும். குறைந்தால் ஊமை நடிப்புக்கும் வசனத்துக்கும் உள்ள தொடர்பு அறுபட்டு, வெறும் அடிதடி மட்டுமே மிஞ்சும். இந்த ஒலி அளவை, அரங்கின் கடைசி வரிசையிலும் மாடத்திலும் உட்கார்ந்து கேட்டுச் சரிசெய்வதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்குவது பயன் தரும்.

அரங்கப் பொருட்களில் மத்தி மீனுக்குத்தான் முதலிடம். தட்டு நிறைய மத்தி, தொலைபேசி, செய்தித்தாள், பை, பெட்டி ஆகியவை நாடகம் முழுக்க உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருக்கின்றன. முதல் அங்கத்தின் ஒத்திகையிலேயே டாட்டிக்கு எதை வைத்துவிட்டு எதை எடுத்துப்போவது என்பது மறந்துபோகிறது. எண்ணெய் வடியும் உண்மையான மீனைப் பயன்படுத்தினால் வாடை ஒருபுறமிருக்க, படிக்கட்டில் ஓடும் நடிகர்கள் வழுக்கி விழும் ஆபத்து உண்டு. மூன்றாம் அங்கத்தில் மீன் தரையில் கொட்டுகிறது, அதன்மேல் ஆட்கள் ஓடுகிறார்கள். ஆகவே தட்டோடு ஒட்டிய போலி மீன்கள் ஒரு தொகுதியும், கொட்டுவதற்கென்று எண்ணெய் இல்லாத, மென்மையான பொருளால் செய்த மீன்கள் ஒரு தொகுதியும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் மேசைமேல் அதன் வடிவத்தைச் சுண்ணக்கட்டியாலோ நாடாவாலோ வரைந்து, அந்த இடத்தில் அது இருக்கிறதா என்று ஒவ்வொரு அங்கத்துக்கு முன்னும் சரிபார்ப்பது மேடை நிர்வாகத்தின் பழைய பாடம். இந்த நாடகத்தில் ஒரே பொருள் 'நத்திங் ஆன்' குழுவின் பொருளாகவும் நம் குழுவின் பொருளாகவும் இருப்பதால், பட்டியலை இரண்டாக எழுத வேண்டும். பாத்திரங்கள் வைத்த இடம் ஒன்று, நாம் எடுக்க வேண்டிய இடம் வேறு.

முதல் அங்கத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். பல குழுக்கள் அதை ஒரு முன்னுரையாகக் கருதி விரைவாகத் தள்ளிவிடுகின்றன, சிரிப்பு இரண்டாம் அங்கத்தில்தானே இருக்கிறது என்ற எண்ணத்தில். அது பெரும் இழப்பு. 'நத்திங் ஆன்' சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதைப் பார்வையாளர்கள் அறிந்துகொள்ளும் ஒரே வாய்ப்பு முதல் அங்கம். வேலைக்கார அம்மாள் மீன் தட்டோடு வருகிறார். வீட்டை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் இளைஞன் ஒரு பெண்ணை அழைத்து வருகிறான். வரிக்குப் பயந்து வெளிநாட்டில் வாழும் வீட்டுக்காரத் தம்பதியர் அதே நேரத்தில் ரகசியமாக வந்து சேர்கிறார்கள். கிழட்டுத் திருடன் ஒருவன் சன்னல் வழியாக நுழைகிறான். எந்தக் கதவு எங்கே போகிறது, எந்த வரிக்கு எந்தப் பொருள் வர வேண்டும் என்பது பார்வையாளர்களின் நினைவில் பதியாவிட்டால், மூன்றாம் அங்கத்தில் ஒரே திருடன் பாத்திரத்தில் மூன்று பேர் வந்து நிற்கும்போது அதன் பயங்கரம் அவர்களுக்கு எட்டாது. கையில் இருக்கும் பெட்டியை எதற்காக அறைக்குள் கொண்டுபோகிறேன் என்று ஃபிரெடரிக் என்ற நடிகர் இயக்குநரிடம் கேட்கும் இடம் இங்கேதான் வருகிறது. எந்த ஒத்திகை அறையிலும் எழும் கேள்வி அது. அந்த நடிகரை முட்டாளாகக் காட்டாமல், உண்மையிலேயே காரணம் தேடித் தவிப்பவராகக் காட்டினால், அவர்மேல் நமக்கு ஏற்படும் பரிவு கடைசிவரை துணை நிற்கும்.

மூன்றாம் அங்கம் பிரதியின் பலவீனமான பகுதி. இரண்டாம் அங்கம் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்குப்பின் எதை வைத்தாலும் கொஞ்சம் இறங்குவதுபோல் தோன்றும். அழிவு எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைக் காட்ட எழுத்து அவசரப்படுகிறது, சில இடங்களில் பொருட்களின் குழப்பம் பாத்திரங்களின் மனநிலையை மூடிவிடுகிறது. இயக்குநர் செய்யக்கூடியது, ஒவ்வொரு நடிகரும் அந்தக் கணத்தில் எந்த ஒரு வழியால் காட்சியைக் காப்பாற்ற முயல்கிறார் என்பதைத் தெளிவாக்குவது. குழுவின் நடிகை பெலிண்டா அவசரமாகப் புது வசனம் கட்டுகிறார். இளம் நடிகை புரூக் என்ன நடந்தாலும் எழுதிய வரியையே சொல்கிறார். நடிகர் கேரியால் தொடங்கிய வாக்கியத்தை முடிக்க முடிவதில்லை. இந்த மூன்று குணங்களும் முதல் அங்கத்திலேயே விதைக்கப்பட்டவை. அவற்றைப் பிடித்துக்கொண்டால் இந்த அங்கமும் எழுந்து நிற்கும்.

காலம் கடந்துவிட்ட சில கூறுகளும் உள்ளன. 'நத்திங் ஆன்' என்பது 1950களிலும் 60களிலும் லண்டனின் வைட்ஹால் அரங்கில் பிரையன் ரிக்ஸ் நடத்திய, காற்சட்டை நழுவி விழும் வகைக் கேலிக்கூத்துகளின் வழிவந்த ஒன்று. புரூக் ஏற்கும் விக்கி பாத்திரம், அதாவது அந்த இளைஞன் அழைத்து வரும் பெண், நாடகத்தின் பெரும்பகுதியில் உள்ளாடையோடு ஓடுவதும், வீட்டை வாடகைக்கு எடுக்க வரும் ஓர் அரபு ஷேக்கின் வேடமும் அந்த மரபிலிருந்து வந்தவை. 'நத்திங் ஆன்' குழுவின் இயக்குநர் லாயிட் தன்னிடம் பணிபுரியும் இரண்டு இளம் பெண்களோடு ஒரே நேரத்தில் உறவு வைத்திருப்பதை நாடகம் ஒரு சிக்கலாக மட்டுமே நடத்துகிறது. உரிமம் பெற்ற பிரதியில் சொந்தமாக மாற்றங்கள் செய்ய அனுமதி கிடையாது என்பதால், இவற்றை வெட்டி எறிய முடியாது. ஆனால் அந்த இருவரில் ஒருவரான உதவி மேடை நிர்வாகி பாப்பியின் துயரத்தை விளையாட்டாக்காமல் உண்மையாக நடிக்கவைப்பதும், புரூக்காக நடிப்பவரோடு உடை பற்றி முன்கூட்டியே பேசி அவருடைய ஒப்புதலைப் பெறுவதும் எந்தப் பிரதியும் தடுக்காத செயல்கள். இவற்றைச் செய்யாத தயாரிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடிகர்கள் ஒன்பது பேரே என்பது சிறு குழுக்களுக்குச் சாதகம். அந்த ஒன்பது பேரில் எவரும் சும்மா இருக்கும் பாத்திரம் இல்லை என்பதால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் மாற்று ஆளைக் கடைசி நேரத்தில் நிறுத்த முடியாது. பாதைகளை அறிந்த ஒருவரையாவது ஒத்திகை முழுவதும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். மேடை நிர்வாகப் பிரிவிலிருந்து வரும் ஒருவரே அதற்குப் பொருத்தமானவர்.

பிரதியோடு 'நத்திங் ஆன்' நாடகத்துக்கான ஒரு போலி நிகழ்ச்சிக் கையேடும் ஃப்ரேனாலேயே எழுதப்பட்டு வெளிவந்திருக்கிறது. நடிகர்களின் கற்பனை வாழ்க்கைக் குறிப்புகளும் கேலிக்கூத்தின் தத்துவம் குறித்த கட்டுரையும் அடங்கியது. அரங்கின் உண்மையான கையேட்டுக்குள் அதைச் சேர்த்து அச்சிட்டுக் கொடுத்தால், திரை உயர்வதற்கு முன்பே பார்வையாளர்கள் அந்த உலகத்துக்குள் நுழைந்துவிடுவார்கள். நடிகர்களுக்கும் அது ஒரு நல்ல பயிற்சிக் கருவி. தம் பாத்திரம் இதற்கு முன் எந்தெந்த மேடைகளில் நின்றது என்பதை அவர்கள் அங்கேதான் அறிகிறார்கள்.

மொத்தத்தில் இது வாங்கத்தக்க பிரதி. நாடகம் எழுதக் கற்பவர்களுக்கு, வசனமில்லாமல் ஒரு முழு அங்கத்தைக் கட்டுவது எப்படி என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நூல் வேறு அதிகம் இல்லை. மேடையேற்ற நினைக்கும் குழுவுக்கு என் வேண்டுகோள், உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டே பிரதிகளை வாங்கி, ஒன்றை இயக்குநரிடமும் மற்றொன்றைச் செட் அமைப்பாளரிடமும் கொடுக்க வேண்டும் என்பது. இருவரும் இரண்டாம் அங்கத்தைப் படித்துவிட்டு, மேடையின் அகலம், உயரம், பின்சுவர் வரையிலான ஆழம் ஆகியவற்றை நேரில் அளந்து, செட் திரும்புவதற்கு இடமிருக்கிறது என்று கையெழுத்திட்டபின் மற்ற பிரதிகளுக்குப் பணம் செலுத்தலாம். ஒத்திகை அறையிலும் முதல் வாரத்திலிருந்தே கதவுச் சட்டங்களும், மேல்தளத்துக்கு ஈடாக ஒரு சிறு உயர மேடையும் படிகளும் இருக்க வேண்டும். தரையில் நாடா ஒட்டிக் கதவென்று பாவித்துப் பழகிய நடிகர்கள், உண்மையான கைப்பிடியைத் திருப்ப ஆகும் அந்த அரை நொடியைத் தொழில்நுட்ப ஒத்திகையன்றுதான் கண்டுபிடிப்பார்கள், அதற்குள் காலம் கடந்திருக்கும்.